கடல் கடந்த சொற்கள் – 9: வெள்ளரிப்பிஞ்சுக்கு இரண்டு பெயர்கள்

கெர்க்கின் என்பது ஊறவைத்த வெள்ளரிப்பிஞ்சு. விதை திரளும் முன்பே கொடியிலிருந்து பறித்து, உப்புநீரிலோ வினிகரிலோ போட்டு வைத்த காய்க்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. வெள்ளரியில் அது தனிச் செடி அன்று. தோல் கரடுமுரடாக, சதை இறுகலாக, குட்டையாகக் காய்க்கும் சில வகைகளை இதற்கென்றே பயிரிடுகிறார்கள். அமெரிக்கர்கள் 'பிக்கிள்' என்ற பொதுப்பெயராலேயே இதைச் சொல்லிவிடுவார்கள். சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் சாலையின் லியாட் டவர்ஸ் கட்டடத்தில் 1979 அக்டோபரில் மெக்டானல்ட்ஸ் தன் முதல் கடையைத் திறந்தது. பர்கருக்குள் இறைச்சிக்கு மேல் கிடக்கும் புளித்த பச்சை வட்டம் அதன் பின்னர்தான் இந்நகரத்தில் பரவலாகப் பழக்கமானது. தின்றவர்களில் பலருக்கு அதன் பெயர் தெரியாது.

அதே நகரத்தில் சிராங்கூன் சாலை தொடங்கும் இடத்தில் தேக்கா நிலையம் இருக்கிறது. அங்கே பிரியாணித் தட்டு வாங்கினால் ஓரத்தில் வெள்ளரி, வெங்காயம், அன்னாசி, மிளகாய் கலந்து வினிகரில் ஊறிய ஒரு பிடி வைப்பார்கள். அதற்குப் பெயர் அச்சார். தமிழ்க் கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார், மலாய்க் கடைக்காரரும் அப்படித்தான், சீனரும் அப்படித்தான். கெர்க்கினும் அச்சாரும் ஒரே காயைப் புளிப்பில் ஊறவைத்த பண்டங்கள். ஒரு பெயர் ஐரோப்பாவைச் சுற்றி வந்தது. மற்றது பாரசீகத்திலிருந்து கிளம்பி இந்தியப் பெருங்கடலைச் சுற்றியது. இரண்டும் சிங்கப்பூரில் பக்கத்துப் பக்கத்துத் தட்டுகளில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

முதலில் கெர்க்கின். இச்சொல்லின் பின்னே கிரேக்கர், ஸ்லாவியர், ஜெர்மானியர், டச்சுக்காரர் என நான்கு கூட்டத்தார் வரிசையாக நிற்கிறார்கள். பைசாந்தியக் காலத்துக் கிரேக்கத்தில் வெள்ளரிக்கு 'அங்கூரியோன்' என்று பெயர். இன்றும் கிரேக்கர்கள் 'அங்கூரி' என்கிறார்கள். அது ஸ்லாவிய மொழிகளுக்குள் நுழைந்து போலந்தில் 'ஓகூரெக்', ரஷ்யாவில் 'ஓகுரெத்ஸ்' ஆயிற்று. ஜெர்மானியர் முன்னெழுத்தை உதறிவிட்டு 'கூர்க்க' என்றனர். டச்சுக்காரர் 'அவ்குர்க்' என்றனர். டச்சு வடிவத்தோடு சிறுமையைக் காட்டும் ஒட்டுச் சேர்ந்து 'சின்ன வெள்ளரி' என்ற பொருளில் ஆங்கிலத்துக்குப் போனதுதான் கெர்க்கின். போலந்துச் சொல்லின் கடைசியில் உள்ள 'எக்' என்பதும் சிறுமை ஒட்டுதான். ஆக, சின்னதைச் சின்னதாக்கி, அதை மறுபடியும் சின்னதாக்கிய பெயர் இது. தமிழில் 'குட்டிக் குட்டி' என்று அடுக்கிச் சொல்வதை ஒத்தது.

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று சாமுவேல் பீப்ஸ் என்ற லண்டன் அதிகாரியின் நாட்குறிப்பு. நண்பரான கப்பல் வணிகர் ஒருவர் தந்த ஒரு கண்ணாடிச் சாடி கெர்க்கினைத் திறந்ததை 1661 டிசம்பர் 1 அன்று அவர் எழுதிவைத்தார். கிடைத்தற்கரிய பொருள் என்ற வியப்பு அந்தக் குறிப்பில் இருக்கிறது. இன்று பர்கரிலிருந்து பிள்ளைகள் எடுத்து ஒதுக்கிவைக்கும் பண்டம் அன்று லண்டனில் பரிசாகக் கொடுக்கத் தக்கதாக இருந்திருக்கிறது. அவர் எழுதிய வடிவத்தில் நடுவில் 'எச்' எழுத்து இல்லை. 'ஜெர்க்கின்' என்று யாரும் வாசித்துவிடக் கூடாது என்பதற்காக 19ஆம் நூற்றாண்டில்தான் அது நுழைக்கப்பட்டது.

கிரேக்கச் சொல்லுக்கு முன்னால் என்ன இருந்தது என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. அதைக் கீழைத் தேசத்து இரவல் என்பது ஒன்று. கிரேக்கத்தில் 'பழுக்காதது, பருவம் வராதது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது என்பது மற்றது. இரண்டாவது கருத்தே காயின் இயல்புக்கு நன்றாகப் பொருந்துகிறது. தர்பூசணியும் முலாம்பழமும் பழுத்த பிறகு தின்னப்படும். அவற்றின் உறவான வெள்ளரியோ பழுக்கும் முன் பறித்தால்தான் ருசி. எனவே 'பழுக்காதது' என்பது அதற்கு இயற்கையான பெயர்தான். இதே கிரேக்கச் சொல் இத்தாலிக்குப் போய்த் தர்பூசணியைக் குறிக்கத் தொடங்கியது. வெள்ளரியின் ஆப்பிரிக்க உறவான ஒரு செடி அடிமைக் கப்பல்களின் வழியே கரீபியத் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் தாவரவியல் பெயரான 'குக்குமிஸ் அங்கூரியா'வில் ஒட்டியிருப்பதும் இச்சொல்லே. மேற்கிந்தியக் கெர்க்கின் என்று அதைச் சொல்வதால், எல்லாக் கெர்க்கினும் அந்தச் செடியின் காய்தான் என்ற குழப்பம் பலருக்கு உண்டு. கடைச் சாடிகளில் இருப்பது பெரும்பாலும் சாதாரண வெள்ளரியின் பிஞ்சுதான்.

பிரெஞ்சுக்காரர் இந்த வரிசையில் நிற்கவில்லை. அவர்கள் வைத்த பெயர் 'கோர்னிஷோன்', அதாவது சின்னக் கொம்பு. நிறத்தையோ பருவத்தையோ விட்டுவிட்டு வளைவைப் பார்த்து வைத்த பெயர். தமிழிலும் இப்படிப் பார்த்த கண் ஒன்று உண்டு. பூதப்பாண்டியன் இறந்தபின் தீப்புகத் துணிந்த அவன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய 246ஆம் புறநானூற்றுப் பாட்டில் வெள்ளரி வருகிறது. வெள்ளரி என்ற பெயர் அதில் இல்லை. அணிலின் முதுகுபோல் வரிகள் ஓடும் வளைந்த காய் என்ற அடையாளம் மட்டுமே இருக்கிறது. அக்காயை அரிந்தால் தெரியும் விதைகள்தாம் கைம்பெண் உண்ணும் நெய் படாத வெறுஞ்சோற்றுக்கு உவமை. ஒரு காயைப் பெயர் சொல்லாமல் வரியாலும் வளைவாலும் காட்டிவிட முடிகிறது என்றால், அது கேட்பவர்களின் வீட்டில் அன்றாடம் புழங்கிய காய் என்று பொருள்.

காய் பிறந்ததும் இந்தப் பக்கத்தில்தான். வெள்ளரியின் காட்டு மூதாதை இமயமலை அடிவாரங்களில் வளர்கிறது. இந்தியாவில் குறைந்தது 3,000 ஆண்டுகளாக வெள்ளரி பயிராகிறது. பாரசீகம் கடந்து தரைவழியாகக் கிழக்கு ஐரோப்பாவுக்குள் அது நுழைந்த தடமும், கிரேக்கத்திலிருந்து ஸ்லாவியரிடம் பெயர் போன தடமும் ஒன்றோடொன்று இசைகின்றன. காய் போன வழியில்தான் பெயரும் போயிருக்கிறது.

லண்டனில் 2004ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 41 மாடிக் கட்டடம் ஒன்றை அந்நகரத்தார் 'கெர்க்கின்' என்றே அழைக்கிறார்கள். நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்த அந்தக் கோபுரம் நிமிர்த்தி வைத்த வெள்ளரிப்பிஞ்சுபோல் தோன்றுவதே காரணம். சிங்கப்பூரின் எஸ்பிளனேட் கலையரங்கம் 2002 அக்டோபரில் திறக்கப்பட்டபோது அதன் முள் முள்ளான கூரையைப் பார்த்து மக்கள் வைத்த பெயர் டுரியான். மலாய்ப் பழமொழி ஒன்றிலும் இவ்விரண்டும் சேர்ந்து வரும். டுரியானும் வெள்ளரியும் ஓரிடத்தில் கிடந்தால், எது எதன்மேல் உருண்டாலும் புண்படுவது வெள்ளரிதான். சேலைமேல் முள் விழுந்தாலும் முள்மேல் சேலை விழுந்தாலும் கிழிவது சேலையே என்று தமிழர் சொல்வதை மலாய்க்காரர் இப்படிச் சொல்கிறார்கள். மலாயில் வெள்ளரிக்குத் 'திமுன்' என்று பெயர்.

கெர்க்கினை லண்டனுக்குக் கொடுத்த டச்சு மொழிதான் அச்சாரையும் கீழைக் கடலிலிருந்து எடுத்துக்கொண்டது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டியது. போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவை 1641இலும் நாகப்பட்டினத்தை 1658இலும் கைப்பற்றியது. இவற்றுக்கெல்லாம் தலைமையிடம் ஜாவாவின் படேவியா. அங்கே ஒவ்வொரு சோற்றுத் தட்டிலும் இருந்த புளிப்புக் காய்க்கலவையின் பெயர் 'அச்சார்' என்று டச்சுக்காரர் கேட்டார்கள். தங்கள் எழுத்துமுறைப்படி எழுதிக்கொண்டார்கள். இன்றும் நெதர்லாந்துக் கடைகளில் 'அவ்குர்க்' ஒரு சாடியில் இருக்கும், 'அச்சார்' இன்னொரு சாடியில் இருக்கும். பைசாந்தியத்திலிருந்து வந்த சொல்லும் பாரசீகத்திலிருந்து வந்த சொல்லும் சந்தித்த மொழி அது.

அச்சார் பாரசீகச் சொல் என்பதே பரவலான கருத்து. இந்தி, உருது, வங்காளம் என வட இந்திய மொழிகள் பலவற்றில் ஊறுகாய்க்கு அதுவே பெயர். புளிப்புக் காய்கறியைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல்லோடு அதற்கு உறவு உண்டு என்ற ஊகமும் உண்டு. அதற்கு வலுவான ஆதாரம் இல்லை. கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா ட ஓர்த்தா 1563இல் அச்சிட்ட நூலில் இச்சொல் இடம்பெறுகிறது. சேங்கொட்டையின் பச்சைக் காயை உப்பில் ஊறவைத்து அச்சார் என்ற பெயரில் சந்தையில் விற்கிறார்கள் என்றும், தங்கள் ஊரில் ஆலிவ் காய் விற்பதைப் போல என்றும் அவர் எழுதினார். ஆக, 16ஆம் நூற்றாண்டிலேயே அச்சார் இந்தியக் கரையில் சந்தைச் சரக்கு. இன்றைய ஈரானில் இச்சொல்லைச் சொன்னால் கையில் ஸ்பேனரைக் கொடுப்பார்கள். துருக்கிய மொழியில் 'திறப்பது' என்ற பொருளுடைய வேறொரு சொல் அதே ஒலியோடு அங்கே நிலைத்துவிட்டது. ஊறுகாயை ஈரானியர் 'தோர்ஷி' என்கிறார்கள். பிறந்த வீட்டில் பொருள் மாறிப்போன சொல், கடல் கடந்த ஊர்களிலெல்லாம் பழைய பொருளோடு நிலைத்திருக்கிறது. பிலிப்பீன்ஸில் பச்சைப் பப்பாளியைத் துருவிச் செய்யும் 'அட்சாரா', ஜப்பானில் இனிப்பு வினிகரில் ஊறும் 'அச்சாரா', மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளின் 'அஷார்' எல்லாம் இதன் கிளைகள். ஜப்பானுக்குக் கொண்டுபோனவர்கள் போர்த்துக்கீசியர்.

மலாயில் இச்சொல்லின் எழுத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அரபு எழுத்தில் 'ச்ச' ஒலி கிடையாது. அதற்கெனப் பாரசீகர் மூன்று புள்ளி வைத்து ஓர் எழுத்தை உண்டாக்கினர். மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி முறையும் அதே எழுத்தை ஏற்றுக்கொண்டது. ரோமன் எழுத்துக்கு மாறியபோது ஆங்கிலேயர் ஆண்ட மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு விதமாகவும், டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியாவில் இன்னொரு விதமாகவும் அச்சாரை எழுதினார்கள். 1972 ஆகஸ்டில் மலேசியாவும் இந்தோனேசியாவும் பொது எழுத்துமுறையை ஏற்றபோது இரண்டும் ஒன்றாகி, 'ச்ச' ஒலிக்குத் தனி 'சி' எழுத்து மட்டும் போதும் என்றாயிற்று. ஆனால் சிங்கப்பூரின் உணவங்காடிப் பலகைகளில் பழைய எழுத்தே பெரும்பாலும் நிற்கிறது. அகராதி திருந்திய வேகத்தில் அடுக்களை திருந்துவதில்லை.

சிங்கப்பூரின் அச்சாரில் இரண்டு வகையைத் தெளிவாகப் பிரிக்கலாம். பிரியாணியோடு வருவது எளியது. வெள்ளரியையும் வெங்காயத்தையும் அரிந்து, சர்க்கரையும் உப்பும் வினிகரும் சேர்த்து, அன்னாசித் துண்டு போட்டுச் சில மணி நேரம் வைத்தால் ஆயிற்று. நெய்ச்சோற்றின் கனத்தை அது குறைக்கிறது. தமிழ்நாட்டில் பிரியாணிக்குத் தயிர்ப்பச்சடி செய்யும் வேலையைச் சிங்கப்பூரில் இந்த அச்சார் செய்கிறது. மற்றது சீன வழிவந்த பெரானாக்கான் வீடுகளின் ஞோஞ்ஞா அச்சார். அதற்கு உழைப்பு அதிகம். வெள்ளரியை விதை நீக்கி விரல் விரலாக நறுக்கி, உப்புத் தடவி, துணியில் கட்டிப் பிழிந்து, முடிந்தால் வெயிலிலும் காயவைப்பார்கள். காயில் நீர் தங்கினால் மொறுமொறுப்பு போய்விடும். முட்டைக்கோஸ், கேரட், பயற்றங்காய் ஆகியவற்றைக் கொதிக்கும் வினிகரில் முக்கி எடுப்பார்கள். மிளகாய், மஞ்சள், சின்ன வெங்காயம், பெலாச்சான் என்ற இறால் கட்டி, புவா கெராஸ் என்ற கொட்டை எல்லாவற்றையும் அரைத்து எண்ணெயில் வதக்கிச் சேர்த்து, வறுத்த வேர்க்கடலையும் எள்ளும் தூவுவார்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் வீடுகளில் இது சாடி சாடியாகத் தயாராகும். பெயர் பாரசீகம், காய் இந்தியா, மசாலா மலாய், சமைக்கும் கை சீன வழி வந்த குடும்பம். சிங்கப்பூரைப் பற்றி எழுதப்படும் பல நூல்களைவிட இந்தச் சாடி அதிகம் சொல்கிறது.

இதில் தமிழுக்கு என்ன இடம்? சிங்கப்பூர்த் தமிழர் அச்சார் என்ற சொல்லை ஏற்றுக்கொண்டார்கள், ஊறுகாயை விட்டுவிடவில்லை. இரண்டுக்கும் வேலை பிரித்துக் கொடுத்தார்கள். மாங்காய், எலுமிச்சை, நார்த்தங்காய் ஆகியவற்றை உப்பும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் சேர்த்து மாதக்கணக்கில் வைத்திருந்தால் ஊறுகாய். வினிகரில் ஊறி, அன்றோ மறுநாளோ தின்று தீர்ந்துபோவது அச்சார். இலங்கைத் தமிழிலும் இதே பிரிவினை இருக்கிறது. அங்கே தேசிக்காயில் செய்வது ஊறுகாய். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கேரட் ஆகியவற்றை வினாகிரியும் கடுகும் சேர்த்துச் செய்வது அச்சாறு. டச்சு ஆட்சியில் படேவியாவிலிருந்து இலங்கைக்கு வந்து தங்கிய மலாய்க்காரரின் சமையலோடு அந்தப் பண்டம் நெருங்கியது. இறுதி 'று' ஏறியதால் சொல் சாறு, மோர்ச்சாறு என்பவற்றின் உறவுபோலவே காதில் விழுகிறது. இரவல் சொல் ஊர்ச் சொல்லாக உருமாறுவதற்கு நல்ல சான்று அது.

ஊறுகாய் என்பது வினைத்தொகை. ஊறின காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலத்துக்கும் பொருந்தும் பெயர். ஒரே நாளில் முடியாத பண்டத்துக்கு இதைவிடச் சரியான இலக்கணம் அமையாது. இதற்கும் முந்திய சொல் காடி. பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் இல்லத்து விருந்தில் மாவின் இளங்காய்களைக் கொண்டு செய்த காடி பரிமாறப்படுகிறது. அதை ஊறுகாய் என்றே கொள்கின்றனர். புளித்த கஞ்சியைக் குறித்த அச்சொல்லை இன்று வினிகருக்கு எழுதுகிறோம்.

பிஞ்சுக்குத் தமிழில் உள்ள பெயர்களையும் இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு செடிக்கும் மரத்துக்கும் தனித்தனிப் பெயர்: மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, வாழைக்குக் கச்சல், எள்ளுக்குக் கவ்வை, தென்னைக்கும் பனைக்கும் குரும்பை, பாக்குக்கு நுழாய். தேவநேயப் பாவாணர் இவற்றைத் தொகுத்துக் காட்டித் தமிழின் வளத்தை வாதிட்டார். இவற்றுள் வடு என்ற சொல் கெர்க்கினுக்கு நேர் இணை. மாவடு என்றால் சொல்லளவில் மாம்பிஞ்சு மட்டுமே. ஆனால் வீட்டில் "மாவடு இருக்கிறதா?" என்று கேட்டால், சாடியில் உப்பிலும் கடுகுப்பொடியிலும் சுருங்கிக் கிடக்கும் ஊறுகாயைத்தான் கேட்கிறார்கள். பிஞ்சின் பெயரே அதன் ஊறுகாய்க்கும் பெயராகிவிட்டது. கெர்க்கினுக்கு ஐரோப்பாவில் நடந்ததும் இதுவே. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. காயைப் பிஞ்சிலேயே ஊறப்போடும் மக்கள் எங்கும் ஒரே மாதிரிப் பேசுகிறார்கள்.

வெள்ளரிக் குடும்பத்திலேயே இதற்கு நெருங்கிய தமிழ்ப் பண்டம் மிதுக்கங்காய் வற்றல். தமிழ்நாட்டுக் கரிசல் காட்டிலும் தரிசிலும் தானாகப் படரும் மிதுக்கங்காய், சில ஊர்களில் சுக்கங்காய், கைப்பும் புளிப்பும் கொண்ட சிறு காய். அதைக் கீறி உப்பில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, வேண்டும்போது எண்ணெயில் பொரிப்பார்கள். குளிர்நாட்டில் வினிகர் செய்த காவலை இங்கே உப்பும் வெயிலும் செய்தன. இச்சொற்கள் சிங்கப்பூர் இளையோர் வாயில் மட்டுமல்ல, சென்னையிலும் இப்போது அரிது. காப்பாற்ற வேண்டிய சொற்கள் இவை.

கெர்க்கின் என்ற ஆங்கிலச் சொல்லோ 1990களில் தமிழக வயலுக்கே வந்துவிட்டது. கர்நாடகத்தில் தொடங்கிய ஒப்பந்தச் சாகுபடி தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் பரவியது. நிறுவனம் விதை தரும், வழி சொல்லும், பிஞ்சை எடுத்துக்கொள்ளும். உப்புநீரிலோ வினிகரிலோ பதப்படுத்தி, பீப்பாய்களிலும் சாடிகளிலும் ஏற்றுமதி செய்யும். ஏறக்குறைய 90,000 சிறு, குறு விவசாயிகள் 65,000 ஏக்கரில் இதை விளைவிக்கிறார்கள் என்று இந்திய வர்த்தக அமைச்சகம் 2022 ஜனவரியில் தெரிவித்தது. 2020-21 நிதியாண்டில் வெள்ளரியும் கெர்க்கினுமாக 2,23,515 டன் ஏற்றுமதியாயின; மதிப்பு 22 கோடியே 30 லட்சம் அமெரிக்க டாலர். உலகத் தேவையில் ஏறக்குறைய 15 விழுக்காட்டை இந்தியா தருகிறது. இமய அடிவாரத்துக் காய் ஐரோப்பியப் பெயரை ஏற்று, ஐரோப்பாவின் சாடிக்கே திரும்பிப் போகிறது.

பெயர் மாறினாலும் அளவுகோல் பழையதுதான். ஒரு கிலோவுக்கு எத்தனை காய் நிற்கிறது என்று எண்ணித்தான் விலை போடுகிறார்கள். காய் சிறுக்கச் சிறுக்க விலை ஏறும். விதைத்து ஏறக்குறைய 90 நாளில் முடிந்துவிடும் பயிரில், காய்ப்புத் தொடங்கிவிட்டால் தினமும் பறிக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் பிஞ்சு காயாகிவிடும், கெர்க்கின் விலை கிடைக்காது.

(தொடரும்)